உங்களுக்குத் தெரியுமா? வினிகர், உப்பு, பாட்டி பெஞ்ச்!

சுகர், பிரஷர், புற்றுநோய், மனச்சோர்வு... வருஷக்கணக்கில் ஆளை விடாத நோய்கள்! நாடு விட்டு நாடு கைகோத்து, ஏழை நாடுகளில் இவற்றை எப்படி மடக்குகிறார்கள் என்று துருவினோம். சிக்கியதெல்லாம் சரவெடி!

மனச்சோர்வுக்கு மருந்து ஒரு மர பெஞ்ச்! ஜிம்பாப்வேயில் மனநல டாக்டர்களுக்கு அப்படியொரு பஞ்சம். 2006-ல் டாக்டர் டிக்சன் சிபாண்டா என்ன செய்தார் தெரியுமா? பாட்டிகளைக் கூப்பிட்டார்! மொத்தம் 14 பேர். ஹராரே நகரத்து கிளினிக் வாசலில் பெஞ்ச் போட்டு, வருகிறவர்களின் கஷ்டத்தைக் காது கொடுத்துக் கேட்பதுதான் வைத்தியம்!

அந்த நோய்க்கு அவர்கள் மொழியில் பெயர் 'குஃபுங்கிசிசா'. அர்த்தம்? 'ரொம்ப யோசிக்கிறது'! (நம்ம வீட்டுப் பாட்டிகளும் இதையேதானே சொல்கிறார்கள்!)

கனடா பணம் தந்தது. லண்டன் ஆய்வாளர்கள் சேர்ந்தார்கள். 573 பேரிடம் சோதித்து 2016-ல் முடிவு வந்தது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில், 6 மாதம் கழித்தும் பாதிப் பேருக்குச் சோர்வு போகவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து பேசியவர்களில்? 100-க்கு வெறும் 14 பேர்!

வினிகர் ஊறுகாய்க்கு மட்டும்தானா? நம்ம திண்டுக்கல் மாவட்டத்தில் அது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயையே காட்டிக்கொடுத்தது! வினிகரின் புளிப்புச் சரக்கான அசிட்டிக் அமிலத்தை 4 சதவீதக் கரைசலாக்கித் தடவினார்கள். 1 நிமிடம்தான். கோளாறு உள்ள இடம் மட்டும் வெள்ளையாக வெளுத்துவிடும்! பார்த்துச் சொன்னதும், அங்கேயே உறையவைத்துச் சிகிச்சை தந்ததும் நர்ஸ்கள்! ஒட்டன்சத்திரம் பக்கத்து அம்பிளிக்கை ஆஸ்பத்திரியும், பிரான்ஸின் லியோன் நகரில் இருக்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு மையமும் கூட்டணி! அம்பிளிக்கை எங்கே, லியோன் எங்கே! 2007-ல் வெளியான கணக்கு: இந்த நோயால் வரும் சாவு 35 சதவீதம் குறைவு!

கென்யாவில் தாகஹாலே அகதி முகாம். கொளுத்தும் வெயில், ஃப்ரிட்ஜ் கிடையாது. இன்சுலினை எங்கே வைப்பது? ஊசி போட தினமும் 2 தடவை ஆஸ்பத்திரிக்கு நடை! 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பு அங்குள்ள குடிசைக்குள் வெப்பத்தை அளந்தது. 25 முதல் 37 டிகிரி. அதே சூட்டை ஜெனீவா பல்கலைக்கழக லேபில் உண்டாக்கி இன்சுலினை வாட்டிப் பார்த்தார்கள். 4 வாரம் ஆகியும் வீரியம் அப்படியே இருந்தது!

பெரு நாட்டின் தும்பேஸ் பகுதி. 6 கிராமங்கள், 2,376 பேர். வீட்டு உப்பை வாங்கிக்கொண்டு வேறு உப்பைக் கொடுத்தார்கள், இலவசமாக! அதில் கால் பங்கு பொட்டாசியம் உப்பு. ருசியில் வித்தியாசம் தெரியாத அளவாகப் பார்த்துக் கலந்தது! கூட்டாளிகள் லிமா நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றும் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸும். புதிதாக பிரஷர் வருகிறவர்கள் எண்ணிக்கை பாதியாகச் சரிந்தது!

நோன்பு மாசத்தில் சுகர்காரர்களுக்கு போனில் டிங்! எதைச் சாப்பிடலாம், எப்போது ஜாக்கிரதை என்று எஸ்எம்எஸ்! செனகல் நாட்டில் 2014-ல் நடந்தது. பின்னணியில் உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் தொலைத்தொடர்பு அமைப்பும்!

சூடானின் கார்ட்டூமில் 2007-ல் இத்தாலியின் 'எமர்ஜென்சி' அமைப்பு ஓர் இதய ஆஸ்பத்திரியைத் திறந்தது. ஆபரேஷன் முழுக்க இலவசம்! கட்டுமானச் சாமான் ஏற்றி வந்த கப்பல் கண்டெய்னர்களையும் அவர்கள் விடவில்லை. ஊழியர் குவார்ட்டர்ஸ் ஆக்கிவிட்டார்கள்! 2013-ல் கட்டடக் கலைக்கான ஆகா கான் விருது!

ருவாண்டாவின் புட்டாரோ ஆஸ்பத்திரிச் சுவர், எரிமலைக் கல்! விவசாயிகள் தொல்லையென்று ஒதுக்கிய கல்! 2012-ல் அங்கே புற்றுநோய் மையம் வந்தபோது, சதை மாதிரியைச் சோதிக்க விமானத்தில் பாஸ்டனுக்கு அனுப்பினார்கள்!

இலங்கையில் 700 பேர். 3 பிரஷர் மருந்து, எல்லாமே குறைந்த அளவு, ஒரே மாத்திரைக்குள்! சிட்னியின் ஜார்ஜ் இன்ஸ்டிடியூட்டுடன் சேர்ந்து இலங்கை டாக்டர்கள் கொடுத்துப் பார்த்தார்கள். 6 மாதத்தில் 70 சதவீதம் பேருக்கு பிரஷர் கட்டுக்குள்! வழக்கமான சிகிச்சையிலோ 55. மூன்றில் ஒரு மருந்தை மட்டும் மாற்றி, அதன் தம்பி மாத்திரை ஒன்று பிறகு வந்தது. 2025 ஜூனில் அதற்கு அனுமதி முத்திரை குத்திய நாடு எது தெரியுமா? அமெரிக்கா!