சக்கர வீட்டில் பால் காய்ச்சுமுன்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்றார்கள் நம் பெரியவர்கள். கட்டிய வீட்டைக் காரில் மாட்டி இழுத்துப் பார் என்று அவர்களுக்குச் சொல்லத் தோன்றவில்லை. அமெரிக்காவில் அதையும் செய்து பார்த்துவிட்டார்கள்!

ஆர்.வி. என்பது அந்த வீட்டின் செல்லப் பெயர். கட்டில், காஸ் அடுப்பு, பிரிட்ஜ், குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கும். கார் இழுத்துப் போனால் டிரெய்லர். தானே ஓடினால் மோட்டார் ஹோம். அயோவா மாகாணத்து வின்னபேகோ கம்பெனி 1966-இல் மோட்டார் ஹோம் செய்யத் தொடங்கிய பிறகு நடுத்தரக் குடும்பங்களுக்கும் இந்த ஆசை பரவியது. இன்று, பேரன் பேத்தியைப் பார்க்கக் கோடையில் அங்கே போகும் நம் மாமிகளையும் இதில் ஏற்றிக்கொண்டு காடு மலை காட்டப் புறப்படும் பிள்ளைகள் உண்டு.

வட மாகாணங்களில் பனிக்காலம் முழுவதும் இந்த வண்டி பூட்டித்தான் கிடக்கும். மே மாதக் கடைசித் திங்கட்கிழமை 'மெமோரியல் டே' விடுமுறை. அதை ஒட்டி ஊரே கூடாரம் அடிக்கக் கிளம்பும். ஐந்தாறு மாதம் பூட்டிக் கிடந்த வீட்டில் நாம் அப்படியே போய் உலை வைப்போமா? சக்கர வீட்டுக்கும் அதே நியாயம்தான்.

கதவைத் திறந்ததும் துடைப்பத்தைத் தேடுகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். குளிருக்குப் பயந்து உள்ளே குடியேறிய எலிகள் மெத்தைப் பஞ்சைப் பிய்த்துக் கூடு கட்டியிருக்கும். சில காட்டெலிகளின் எச்சத்தில் 'ஹண்டா' என்ற கிருமி உண்டு. 1993-இல் நியூ மெக்ஸிகோ, அரிஸோனா பக்கம் பலரைப் பலி வாங்கியது இந்த வகைதான். உலர்ந்த எச்சத்தைப் பெருக்கினால் தூசியோடு அது மூச்சில் ஏறிவிடும். ஆகையால் ஜன்னல் கதவுகளை அரை மணி நேரம் திறந்து வைத்து, கையுறை மாட்டிக்கொண்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து எச்சத்தின் மேல் தெளிக்க வேண்டும். ஐந்து நிமிஷம் ஊறியபின் காகிதத் துண்டால் வழித்தெடுக்க வேண்டும். நம் வீட்டுப் பரணுக்கும் இந்த யோசனை பொருந்தும்.

அடுத்தது தண்ணீர். உறைந்தால் தண்ணீர் விரிந்து குழாயை வெடிக்க வைத்துவிடும். அதனால் பனிக்கு முன்பே நீரை வடித்துவிட்டு, புரொபிலீன் கிளைக்கால் கலந்த ரோஜா நிறத் திரவத்தைக் குழாய்களில் ஏற்றி வைக்கிறார்கள். (காரின் ரேடியேட்டரில் ஊற்றும் எதிலீன் கிளைக்கால் விஷம், அது இங்கே கூடவே கூடாது.) வசந்தத்தில் ஒவ்வொரு குழாயாகத் திறந்து, ரோஜா நிறம் போய்த் தெளிவாக வரும்வரை ஓட விடவேண்டும். பிறகு தொட்டியில் 57 லிட்டர் தண்ணீருக்கு 60 மில்லி வாசனை சேர்க்காத பிளீச் வீதம் கலந்து, எல்லாக் குழாயிலும் அந்த நெடி வரும்வரை ஓட்டி, ஓர் இரவு நிறுத்தி வைத்து, மறுநாள் நெடி போகும்வரை நல்ல தண்ணீரால் அலச வேண்டும். வெந்நீர்க் கொப்பரை நிரம்பாமல் மின்சார ஸ்விட்சைப் போட்டால் உள்ளிருக்கும் கம்பிச்சுருள் கண்ணிமைக்கும் நேரத்தில் கருகிவிடும். அவசரக்கார ஆண்பிள்ளைகளிடம் இதை இரண்டு முறை சொல்லலாம்!

இனிதான் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். அடுப்பு, அறையைச் சூடாக்கும் ஹீட்டர், பல வண்டிகளில் பிரிட்ஜ்கூட புரொபேன் காஸில்தான் ஓடுகின்றன. வழியெல்லாம் குலுங்கி வந்த குழாய் இணைப்புகள் தளர்ந்திருக்கலாம். சிலிண்டரைத் திறந்து, சோப்பு நுரையை ஒவ்வொரு இணைப்பிலும் தடவிப் பாருங்கள். குமிழி கிளம்பினால் கசிவு. உடனே சிலிண்டரை மூடிவிட்டுப் பழுது பார்ப்பவரைக் கூப்பிட வேண்டும். தீக்குச்சி கிழித்துச் சோதிக்கும் சூரர்கள் எந்தத் தேசத்திலும் இருக்கிறார்கள். அவர்களை வண்டியின் பக்கமே விடாதீர்கள்.

காஸுக்காவது நாற்றம் உண்டு. நாற்றமே இல்லாத எமன் ஒருவன் இருக்கிறான்: கார்பன் மோனாக்ஸைடு. ஹீட்டரின் புகைபோக்கியில் குளவி மண்கூடு கட்டியிருந்தால், வெளியே போகவேண்டிய அந்த வாயு உள்ளேயே தங்கலாம். குழந்தைகள் தூங்கிக்கொண்டிருக்கும்போது யாருக்குத் தெரியும்? அதற்கென்றே சுவரில் ஓர் எச்சரிக்கைக் கருவி இருக்கிறது. பட்டனை அழுத்தினால் கூவுகிறதா என்று பார்த்தால் மட்டும் போதாது. அதற்கும் ஆயுள் உண்டு. முதுகில் அச்சிட்ட தேதி தாண்டியிருந்தால் புதிது வாங்கியே தீரவேண்டும். குளிருக்காக அடுப்பைப் பற்றவைத்துவிட்டுப் படுக்கும் பழக்கமும் ஆகாது.

பாட்டரியை நிறையச் சார்ஜ் செய்வது, கூரை இடுக்குகளில் ஒழுக்குக் கறை தேடுவது எல்லாம் ஒரு பகல் வேலை. டயரில் மட்டும் ஏமாந்து போகாதீர்கள். கொஞ்சமே ஓடியதால் புதுசு போலப் பளபளக்கும், ஆனால் வயசாகியிருக்கும். பக்கவாட்டில் 'டாட்' என்ற எழுத்துக்களோடு வரும் எண்களில் கடைசி நான்கைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019-ஆம் வருஷத்து 23-ஆவது வாரம் பிறந்த டயர். பக்கத்தில் வெடிப்பு ஓடியிருந்தால் எவ்வளவு பளபளத்தாலும் மாற்ற வேண்டியதுதான்.

அனுபவசாலிகள் முதல் ராத்திரியைச் சொந்த வீட்டு வாசலிலேயே, வண்டிக்குள் சமைத்துச் சாப்பிட்டுப் படுத்துக் கழிக்கிறார்கள். எந்தக் குழாய் சொட்டுகிறது, எந்த விளக்கு எரியவில்லை என்பது அப்போது தெரிந்துவிடும். இடுக்கியையும் டின் திறக்கும் கத்தியையும் மறந்திருந்தாலும் கவலையில்லை, பத்தடி நடந்தால் சமையலறை.