பழைய கணினியில் உறங்கும் பெயர்கள்

ராகலைக்கு ஒரு காலத்தில் புகையிரதம் வந்தது என்றால் இன்றைய மாணவிகளில் பலர் நம்பமாட்டார்கள். நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலை வரை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு சிறிய பாதை போடப்பட்டது. 1940களில் அது கைவிடப்பட்டது. கொழும்பிலிருந்து பதுளைக்குச் செல்லும் பெரிய பாதையின் தண்டவாள அகலம் ஐந்தரை அடி. ராகலைப் பாதையின் அகலமோ இரண்டரை அடி. அதனால் கொழும்பிலிருந்து புறப்பட்ட பெட்டி நேராக ராகலைக்கு வர முடியாது. நானுஓயாவில் சாமான்களை இறக்கி, சிறிய பெட்டிகளில் மாற்றி ஏற்றினால்தான் அவை ஊர் வந்து சேரும்.

பழைய கணினியிலுள்ள தரவுத்தளக் கோப்புகளைப் புதிய கணினிக்குக் கொண்டுவருவதும் இப்படிப்பட்ட வேலைதான். பாதையின் அகலம் மாறிவிட்டது. சாமான் பத்திரமாக இருந்தாலும் இறக்கி ஏற்றத் தெரிந்தவர் வேண்டும். ஏற்றும்போது ஒரு மூட்டை தவறினால், தவறியது யாருடைய மூட்டை என்பது பல வருடங்களுக்குப் பிறகுதான் தெரியவரும்.

அந்த மூட்டைகளில் இருப்பவை என்ன?

பாடசாலை அலுவலகத்துப் பழைய கணினியில் மாணவர் சேர்வு இடாப்பு இருக்கலாம். நூலகக் கணினியில் புத்தகப் பட்டியல் இருக்கலாம். பள்ளிவாசல் நிருவாகத்தின் கணினியில் நிக்காஹ் பதிவுகளும் ஸகாத் கணக்குகளும் இருக்கலாம். தோட்ட அலுவலகத்தில் செக்ரோல் விபரங்களும் சேமலாப நிதி இலக்கங்களும் இருக்கலாம்.

மலையகத்தில் ஒரு பதிவின் அருமையை யாரும் புதிதாகச் சொல்லித்தரத் தேவையில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் முதல், 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 2003ஆம் ஆண்டின் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் வரை, இங்குள்ள குடும்பங்களின் வாழ்வு "பெயர் எங்கே பதிந்திருக்கிறது, பத்திரம் எங்கே" என்ற கேள்வியைச் சுற்றியே நடந்திருக்கிறது. இன்றும் 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8 சதவீதமும் தொழில்கொள்வோர் 12 சதவீதமும் செலுத்துகின்றனர். பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் அதைப் பெற உரித்துடையவர்கள். இதில் பெயரின் எழுத்தோ பிறந்த வருடமோ அங்கத்துவ இலக்கமோ பிசகினால், கொழுந்து பறித்த கை கந்தோர் கந்தோராக மனுப் பிடித்து அலைய வேண்டும்.

உலகம் கற்ற ஒரு பாடம்

இங்கிலாந்தில் 1086ஆம் ஆண்டு மன்னன் வில்லியம் நாட்டின் நிலபுலன்களைக் கணக்கெடுத்து 'டூம்ஸ்டே' என்ற ஏட்டில் பதிவு செய்வித்தான். அதன் 900ஆவது ஆண்டு நிறைவை முன்னிட்டு 1986இல் பிபிசி நிறுவனம் ஒரு நவீன டூம்ஸ்டே தொகுப்பை வெளியிட்டது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் பங்கேற்றார்கள். அவர்களில் பெருந்தொகையினர் பாடசாலைப் பிள்ளைகள். தம் ஊரின் கடைகள், வீடுகள், அன்றாட வாழ்க்கை பற்றி எழுதியும் படம் பிடித்தும் அனுப்பினார்கள். எல்லாம் அந்நாளைய விசேட லேசர் தட்டுகளில் ஏற்றப்பட்டன.

பதினைந்து வருடங்கள் கழிந்தபோது தட்டுகள் இருந்தன. அவற்றை வாசிக்கும் இயந்திரங்கள் அரிதாகிவிட்டன. 2002ஆம் ஆண்டளவில் லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பழைய கணினியைப் போலவே நடந்துகொள்ளும் ஒரு மென்பொருளைப் புதிய கணினியில் உருவாக்கித் தகவலை மீண்டும் திறந்து காட்டினார்கள். தோலில் மையால் எழுதிய 1086ஆம் ஆண்டு ஏட்டை வாசிக்க எந்த இயந்திரமும் தேவைப்படவில்லை. அதன் மொழியை அறிந்தவர் இன்றும் அதை வாசிக்கலாம்.

மூன்று பூட்டுகள்

பழைய கோப்பு ஒன்றைத் திறக்க மூன்று பூட்டுகளைத் தாண்ட வேண்டும்.

முதலாவது, கோப்பு பதிந்துள்ள சாதனம். ஐந்தேகால் அங்குல நெகிழ்வட்டு, மூன்றரை அங்குல நெகிழ்வட்டு, பழைய வன்தட்டு என்பன இதில் அடங்கும். மூன்றரை அங்குல வட்டை வாசிக்க யூஎஸ்பி வழியாகப் பொருத்தும் சிறிய கருவி கிடைக்கிறது. பழைய வன்தட்டைப் புதிய கணினியுடன் இணைக்கவும் இணைப்பி உண்டு. ஐந்தேகால் அங்குல வட்டுக்குத்தான் பெரும்பாலும் பழைய கணினியையே நாட வேண்டியிருக்கும். நம் பகுதியின் பனியும் ஈரமும் நெகிழ்வட்டுக்கு ஆகாதவை. உள்ளே பூஞ்சணம் பிடித்திருந்தால் அந்த வட்டைச் செலுத்தக்கூடாது. வட்டும் கெடும், கருவியும் கெடும்.

இரண்டாவது, கோப்பின் அமைப்பு. 1980களில் 'டிபேஸ்' என்ற தரவுத்தள மென்பொருள் அலுவலகங்களில் பெரிதும் புழங்கியது. அதன் கோப்புகளை 'டிபிஎஃப்' என்பார்கள். பாடத்தில் படிக்கும் புலமும் பதிவும் அதில் கண்கூடாக இருக்கின்றன. கோப்பின் தலைப்பகுதியில் மொத்தம் எத்தனை பதிவுகள், ஒவ்வொரு பதிவும் எவ்வளவு நீளம், புலங்கள் எவை என்ற விபரம் இருக்கும். அதன்பின் பதிவுகள் லயத்து வீடுகள் போல ஒரே அளவில் வரிசையாக நிற்கும். அமைப்பு இவ்வளவு எளிமையாக இருப்பதால்தான் 'லிப்ரே ஆபீஸ்' என்ற இலவச மென்பொருள் இன்றும் அதைத் திறக்கிறது. 'அக்சஸ் 97' கோப்புகள் இதற்கு மாறானவை. அக்சஸ் 2013உம் அதற்குப் பிந்தியவையும் அவற்றைத் திறப்பதில்லை. 2003 அல்லது 2007 பதிப்பில் முதலில் மாற்றி, பிறகு புதியதற்கு ஏற வேண்டும். நூலகங்களுக்காக யுனெஸ்கோ இலவசமாக வழங்கிய 'சிடிஎஸ் ஐசிஸ்' மென்பொருளில் பட்டியல் இருந்தால், அதிலிருந்தே பொதுவான பரிமாற்ற வடிவத்தில் பதிவுகளை வெளியே எடுக்க வழியுண்டு.

மூன்றாவது பூட்டு எழுத்து. நம்மைப் பொறுத்தவரை இதுவே மிகக் கடினமானது.

எழுத்து மாறிய கதை

நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதினார்கள். அதை அரபுத்தமிழ் என்கிறோம். அந்தக் கிதாபை அரபு மட்டும் தெரிந்தவர் எடுத்தால் ஒலிப்பார், பொருள் விளங்காது. தமிழ் எழுத்து மட்டும் தெரிந்தவர் எடுத்தால் எழுத்தே விளங்காது. உள்ளே இருப்பது தமிழ்தான்.

பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்த பழைய கோப்பின் நிலையும் இதுவே. பாமினியில் 'அம்மா' என்று எழுதினால், கணினி தன் நினைவில் வைத்திருப்பது ஆங்கில எழுத்துகளான எம், கே, ஓர் அரைப்புள்ளி, கே, எச் ஆகியவற்றைத்தான். பாமினி எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் முகத்தை மாட்டிக் காட்டுகிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் முகம் கழன்றுவிடும். பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்துப் பலர் அழித்துவிடுவதும் இந்த இடத்தில்தான்.

ஒருங்குறி எனப்படும் யூனிகோட் முறையில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் உலகம் முழுவதும் ஒரே எண் உண்டு. பாமினியிலிருந்து அதற்கு மாற்றும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. எனினும் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. 'ராகலை' என்பதில் 'லை'யை எடுங்கள். கையால் எழுதும்போது கொம்பை முதலில் போட்டுப் பிறகு 'ல' எழுதுகிறோம். பாமினியும் அந்த வரிசையில்தான் சேமிக்கிறது. ஒருங்குறியோ முதலில் 'ல', பிறகு ஐகாரக் குறி என்று சேமிக்கிறது. மாற்றும் கருவி இந்த வரிசையைச் சரியாகத் திருப்பாவிட்டால் ஊரின் பெயரே உருமாறிவிடும். அதனால் ஐகாரம், எகரம், ஒகரம் வரும் பெயர்களை முதலில் சோதிக்க வேண்டும். அப்துல் காதர் என்ற பெயரை விட மைமூனா, ஸைனப், கொலம்பஸ் போன்றவை நல்ல சோதனைப் பெயர்கள்.

வேலை செய்யும் ஒழுங்கு

முதலில் பிரதி, பிறகு பரிசோதனை. பழைய கணினி உயிரோடு இருந்தால், எதையும் திறந்து பார்க்க முன்பே கோப்புகள் அனைத்தையும் பிரதி எடுக்க வேண்டும். மூன்றரை அங்குல வட்டின் மூலையிலுள்ள சிறு கதவைத் தள்ளித் துளையைத் திறந்து வைத்தால் அதில் எதுவும் புதிதாக எழுதப்படாது. ஐந்தேகால் அங்குல வட்டில் ஓரத்து வெட்டை ஒட்டுத்தாளால் மூட வேண்டும். கணினியின் திகதி 1980 என்று காட்டினால் பயப்படத் தேவையில்லை. தாய்ப்பலகையிலுள்ள சிறு மின்கலம் தீர்ந்திருக்கிறது என்பதே அதன் பொருள்.

அடுத்து, கோப்பை எளிய வடிவத்துக்கு மாற்ற வேண்டும். 'சிஎஸ்வி' என்பது புலங்களைக் காற்புள்ளியால் பிரித்து எழுதிய வெறும் உரை. அதை ஒருங்குறியில் சேமித்தால் எந்தக் கணினியும் நாளைக்கும் வாசிக்கும். இங்கு நான்கு கண்ணிகள் உண்டு.

ஒன்று, முன்னால் நிற்கும் பூச்சியம். 00457 என்ற அங்கத்துவ இலக்கத்தை எக்செல் எண்ணாக எடுத்து 457 என்று சுருக்கிவிடும். அத்தகைய புலத்தை 'உரை' என்று முன்கூட்டியே குறிக்க வேண்டும்.

இரண்டு, இரண்டிலக்க வருடம். எக்செல் வழமையாக 30 முதல் 99 வரையுள்ளவற்றை 1900களாகவும் 00 முதல் 29 வரையுள்ளவற்றை 2000களாகவும் கொள்ளும். 1928இல் பிறந்த பாட்டி 2028இல் பிறக்கப்போகிறவர் ஆகிவிடுவார்.

மூன்று, அழித்த பதிவு. டிபேஸில் ஒரு பதிவை அழித்தால் அது உடனே மறையாது. முன்னால் ஓர் உடுக்குறி மட்டும் விழும். மாற்றும்போது கவனிக்காவிட்டால், நீக்கப்பட்டவர் மீண்டும் பட்டியலில் வந்து நிற்பார்.

நான்கு, குறிப்புப் புலம். நீண்ட குறிப்புகளை டிபேஸ் வேறொரு கோப்பில் வைக்கும். அதையும் சேர்த்து எடுக்காவிட்டால் குறிப்புகள் எல்லாம் வெறுமையாகும்.

சரிபார்த்தலே பாதி வேலை

யமாமா யுத்தத்தில் அல்குர்ஆனை மனனமிட்ட ஹாபிழ்கள் பலர் ஷஹீதானபோது, உமர் (ரழி) அவர்களின் ஆலோசனைப்படி கலீபா அபூபக்ர் (ரழி) அவர்கள் அதை ஒன்றுதிரட்டும் பொறுப்பை ஸைத் இப்னு ஸாபித் (ரழி) அவர்களிடம் ஒப்படைத்தார்கள். அவர் தாமே ஹாபிழாக இருந்தும் தம் மனனத்தை மட்டும் நம்பவில்லை. ஓலையிலும் எலும்பிலும் எழுதியிருந்தவற்றையும் மனிதரின் மனனத்தையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, சாட்சியும் கேட்ட பின்னரே ஏற்றுக்கொண்டார். அந்த மகத்தான பணிக்கு நமது சிறு வேலை ஈடாகாது. ஆனால் ஒன்றை இன்னொன்றால் உறுதிப்படுத்தும் ஒழுங்கை நாம் அங்கிருந்து கற்கலாம்.

பழைய கோப்பில் 1,212 பதிவுகள் என்றால் புதியதிலும் 1,212 இருக்க வேண்டும். தொகைப் புலத்தின் கூட்டுத்தொகை இரண்டிலும் ஒன்றாக வர வேண்டும். எழுந்தமானமாக ஐம்பது பதிவுகளை எடுத்துக் கடதாசி இடாப்புடன் ஒப்பிட வேண்டும். பிறந்த திகதியைச் சரிபார்க்கத் தேசிய அடையாள அட்டை உதவும். பழைய இலக்கத்தின் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த வருடம். அடுத்த மூன்று, வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்படும். 1975 பெப்ரவரி 1ஆம் திகதி பிறந்த பெண்ணின் இலக்கம் 75532 என்று தொடங்கும். உங்கள் உம்மாவின் அடையாள அட்டையை எடுத்து இன்றே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க எண்ணில் வருடம் நான்கு இலக்கமாக இருக்கும்.

ஒரு விடயத்தில் கை வைக்கவே கூடாது. 'பாத்திமா'வை 'பாதிமா' என்றோ, 'லெட்சுமி'யை 'லட்சுமி' என்றோ அழகுக்காகத் திருத்த வேண்டாம். அவருடைய ஏனைய பத்திரங்களில் பழைய எழுத்தே இருக்கக்கூடும். திருத்தம் அவசியமானால் பக்கத்தில் தனிப் புலமாக எழுதலாம். மூலம் மூலமாகவே இருக்கட்டும்.

அமானிதம்

இந்தக் கோப்புகள் மற்றவர்களின் அமானிதம். யாருடைய பெயரும் இலக்கமும் உதவிக்கு வந்த மாணவியின் கைத்தொலைபேசியில் தங்கக்கூடாது. பொறுப்பானவரின் அனுமதியுடன், அவர் முன்னிலையில் வேலை நடக்க வேண்டும். பழைய வன்தட்டைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுப்பதற்கு முன் அதைப் பாவிக்க முடியாதபடி உடைத்துவிட வேண்டும். வெறுமனே அழித்த கோப்பை மீட்டெடுப்பது சிரமமான காரியமல்ல. புதிய கோப்புக்கு மூன்று பிரதிகள் வேண்டும். அவை இரண்டு வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். ஒன்றாவது வேறொரு கட்டடத்தில் இருக்க வேண்டும். மண்சரிவும் மின்னலும் அறிந்த நமக்கு இதன் காரணத்தை விளக்கத் தேவையில்லை.

உயர்தரத்தில் தகவல் தொழினுட்பம் பயிலும் மாணவிகளுக்கு இது பாடநூலுக்கு வெளியே உள்ள நல்ல செய்முறை. பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்: நீங்கள் பணிபுரியும் கந்தோரிலோ, பள்ளிவாசலிலோ, சங்கத்திலோ துணி போர்த்திய பழைய கணினி ஒன்று மூலையில் இருந்தால், அதை அகற்ற முன் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு தரம் கேளுங்கள். கோப்புகளின் பெயரையும், ஒவ்வொரு புலமும் எதைக் குறிக்கிறது என்பதையும், அதைப் பாவித்த கிளாக்கர் ஐயா நம்மோடு இருக்கும்போதே ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். எந்த மென்பொருளாலும் பிறகு அதைத் தர முடியாது.