போடி ரயிலும் 205-ஆம் எழுத்தும்

போடியில் ஓர் ஏலக்காய்க் கமிஷன் கடை. ஃபாக்ஸ்ப்ரோ என்ற பழைய மென்பொருள் காலத்துக் கணக்கு. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, பில்லைச் சுற்றி இரட்டைக்கோட்டுக் கட்டம். புதுக் கணினி வாங்கி, அதே பில் கோப்பை நோட்பேடில் திறந்தார்கள். படுக்கைக் கோடு இருந்த இடமெல்லாம் தலையில் கீற்று வைத்த ஆங்கில ‘ஐ’ எழுத்து வரிசைகட்டி நின்றது. “வைரஸ் புகுந்துருச்சு சார்” என்றார் கடைக்காரர். வைரஸ் இல்லை, 205 என்ற எண் செய்த வேலை.

ஃபாக்ஸ்ப்ரோ ஓடிய டாஸ் திரை கட்டம் போட்ட நோட்டு மாதிரி. குறுக்கே 80 கட்டம், கீழாக 25 வரி. மொத்தம் 2,000 கட்டங்கள். கட்டத்துக்குள் என்ன வர வேண்டும் என்பதைக் கணினி எண்ணாகத்தான் வைத்திருக்கும். அந்த எண்ணுக்கு உருவம் தருவது எழுத்துரு. ஓர் எழுத்துக்கு 16 வரி, வரிக்கு 8 புள்ளி. புள்ளி எரிந்தால் 1, அணைந்தால் 0. ஆக ஓர் எழுத்து 16 பைட். 256 எழுத்துக்கும் சேர்த்து 4,096 பைட். காலையில் வாட்ஸ்அப்பில் வந்து விழும் ஒரு ‘குட் மார்னிங்’ ரோஜாவுக்குள் இப்படிப் பல எழுத்துருக்களை அடக்கிவிடலாம்.

1987-இல் ஐபிஎம் கொண்டுவந்த விஜிஏ திரையில் ஒரு குறும்பு உண்டு. எழுத்துகள் ஒட்டிக்கொள்ளாமலிருக்க ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்பதாவதாக ஒரு வெற்றுப் புள்ளியைச் சேர்த்தார்கள். அப்படி விட்டால் பில்லின் கோடு கட்டத்துக்குக் கட்டம் அறுந்து தெரியுமே? அதனால் 192 முதல் 223 வரையுள்ள எண்களுக்கு மட்டும், எட்டாவது புள்ளியையே ஒன்பதாவதிலும் நகலெடுக்கும்படி வன்பொருளிலேயே ஏற்பாடு செய்தார்கள். 205 அந்தக் கூட்டத்தில் ஒன்று. அதன் உருவம், இரட்டைப் படுக்கைக் கோடு.

விண்டோஸ் அட்டவணையிலோ 205 என்றால் கீற்று வைத்த ‘ஐ’. எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு அட்டவணையில் அந்த இரட்டைக் கோட்டின் எண் 9552. ஆகவே பழைய எழுத்துருவைப் புது இயங்குதளத்துக்குக் கொண்டுவர இரண்டு வேலை. முதலாவது, ஒவ்வொரு புள்ளியையும் ஒரு சின்னச் சதுரமாக வரைந்து ட்ரூடைப் கோப்பாக்குவது. இது எளிது, ஆனால் எழுத்தின் அளவை 16, 32 என்று மடங்கில் வைத்துப் பார்த்தால்தான் கூர்மை, 15 வைத்தால் மங்கிவிடும். இரண்டாவது, 205-ஐ 9552-க்குக் குடியேற்றுவது. உயிர் இதில்தான் இருக்கிறது.

தேனி மாவட்டக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மதுரை – போடி மீட்டர்கேஜ் ரயில், அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2010 முடிவில் நின்றது. 1,000 மில்லிமீட்டர் பாதையில் ஓடிய பெட்டி எவ்வளவு உறுதியாக இருந்தாலும் 1,676 மில்லிமீட்டர் பாதையில் ஏறாது. ரயில் மீண்டும் தேனிக்கு வர 2022 மே ஆனது. போடிக்கு 2023 ஜூன்.

அதே 2010-இல்தான் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. அதுவரை தமிழின் பாடு இன்னும் மோசம். ‘ணௌ’ எட்டுப் புள்ளி அகலத்தில் அடங்குமா? டாஸ் திரையில் இந்திய எழுத்தைக் காட்டவே சி-டாக் நிறுவனத்தின் ஜிஸ்ட் அட்டையைக் கணினிக்குள் செருக வேண்டியிருந்தது. விண்டோஸ் வந்ததும் ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு எண் வரிசை. பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி, அவ்வளவுதான். அதிராம்பட்டினத்து உமர் தம்பி, எழுத்துரு இல்லாத கணினியிலும் இணையப் பக்கமே அதைச் சுமந்து வரும்படி செய்தார். அவர் உருவாக்கிய எழுத்துருவின் பெயர் ‘தேனீ’. நம் தேனிக்கும் அதற்கும் தொடர்பில்லை; பூச்சிதான்.

கம்பத்திலோ சின்னமனூரிலோ உங்கள் கடைப் பரணில் பழைய கணினி கிடந்தால், காயலான் கடைக்குப் போடுமுன் கணக்குக் கோப்புகளோடு எழுத்துருக் கோப்பையும் நகலெடுத்துவிடுங்கள். எந்த எழுத்துருவில் அடித்தது என்று ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள்.