வாக்காளர் இடாப்பில் நம் பெயர் வந்த கதை

தேர்தல் நெருங்கினால் லயத்து வாசலுக்கு எல்லாக் கட்சிக்காரரும் வருகிறார்கள். "நமக்கு ஓட்டு இருக்கு, அதனால வாராங்க" என்று நம் பிள்ளைகள் சொல்லுகிறார்கள். உண்மைதான். ஆனால் அந்த ஓட்டு ஒரு காலத்தில் பறிபோயிருந்தது.

1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் பல ஆசனங்களை வென்றது. அமரர் சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியாவில் தெரிவானார். அடுத்த வருஷமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன், அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டியிருந்தது. பிறப்புப் பதிவே இல்லாத காலத்து ஆட்களுக்குக் கடதாசி எங்கே கிடைக்கும்? 1949ல் வாக்குரிமையும் போயிற்று. அதே வருஷத்து இன்னொரு சட்டத்தின்கீழ் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு மனுப்போட்டும், ஏறத்தாழ 1,34,000 பேருக்கே பிரஜாவுரிமை கிடைத்தது.

1952ல் பிரதமர் காரியாலயத்தின் முன் சுமார் 140 நாள் சத்தியாக்கிரகம் நடந்தது. தொண்டமான் அதில் முன்னின்றார். பலன் உடனே வரவில்லை. 1964ல் இரண்டு அரசாங்கங்களும் நம்மவர்களைக் கேளாமலே 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டன. மிச்சம் 1,50,000 பேரை 1974ல் பாதிபாதியாகப் பிரித்தன.

1977ல் தொண்டமான் மீண்டும் மக்கள் வாக்கால் பாராளுமன்றம் சென்று, 1978ல் மந்திரியானார். மந்திரிப் பதவி கிடைத்ததென்று கோரிக்கையை விட்டுவிடவில்லை. 1986 ஜனவரியில், தைப்பொங்கலை ஒட்டி, தோட்டமெங்கும் பிரார்த்தனை இயக்கத்துக்கு அழைப்பு விடுத்தார். கல்லெறி, கலகம் இல்லை. மலையில் கொழுந்து மட்டும் நின்றது. அதே வருஷம் மேலும் 94,000 பேருக்குப் பிரஜாவுரிமை தரும் சட்டம் நிறைவேறியது. 1988ஆம் ஆண்டுச் சட்டம் சத்தியக்கடதாசி போதும் என்று வழியை இலகுவாக்கியது. 1999ல் அவர் காலமானார். மிச்சமிருந்தோருக்கு 2003ல் இன்னொரு சட்டம் வந்தது.

ஒரு தலைவர் மட்டும் செய்த வேலையல்ல இது. அவர் பின்னால் சந்தாக் கட்டி, வெயிலில் உட்கார்ந்த நம் தாய் தகப்பன்மாரும் சேர்ந்து பெற்றது.

ஆகவே தோழர்களே, சகோதரிகளே, பிள்ளை பிறந்தால் தாமதிக்காமல் பதியுங்கள். அடையாள அட்டையையும் பழைய பிரஜாவுரிமைப் பத்திரத்தையும் மழை படாமல் பத்திரப்படுத்துங்கள். வாக்காளர் இடாப்பில் வீட்டார் பெயர் எல்லாம் இருக்கிறதா என்று கிராம சேவகரிடம் கேட்டுப் பாருங்கள். கடதாசி இல்லாமல் நம்மவர்கள் பட்ட பாடு போதும்.