மூலைக்கு ஒரு பூ

இலவம்பஞ்சுக்குப் பெயர்பெற்ற போடிநாயக்கனூர்ப் பகுதியினரான நமக்குப் பஞ்சில்லாப் படுக்கை வியப்பளிக்கும். கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்க வழிவந்த சித்தி இனப் பெண்கள் பழந்துணிகளை அடுக்கித் தைக்கும் ‘கவந்தி’ அத்தகையது. நம் வீட்டுப் பழஞ்சேலைகளோ பாத்திரக்காரரிடம் போய்விடுகின்றன!

ஓரத்தில் தொடங்கும் தையல் சுற்றிச் சுற்றி நடுவை அடையும். கத்தோலிக்கப் பெண்கள் சிலர் சிலுவை வடிவும் சேர்ப்பதுண்டு. நான்கு மூலைகளிலும் துணியை மடித்துப் பூ வைத்தாக வேண்டும். பூவில்லாக் கவந்தி ஆடையற்றதற்கு ஒப்பு என்பது அவர்கள் எண்ணம்.

பிள்ளைகளுக்கும் பேரக்குழந்தைகளுக்கும் தைப்பதே வழக்கமாயிருந்தது. 2004-ஆம் ஆண்டு, அமெரிக்க ஆய்வாளர் ஹென்றி ட்ரூவல் துணையுடன் கூட்டுறவுக் குழு அமைத்து விற்பனைக்கும் தைக்கலாயினர். வறுமையில் உழன்ற குடும்பங்களுக்கு அது வருவாயாயிற்று. முகமறியாதவர் வாங்கும் கவந்தியிலும் அந்தப் பூக்கள் இருக்கின்றன.