முசத்திலாலும் ‘சகாலா’வும்

‘ஆபீஸ் ஆபீஸ்’ நினைவிருக்கிறதா? 2001இல் சப் டிவியில் தொடங்கிய இந்தி நகைச்சுவைத் தொடர். ஓய்வுபெற்ற ஆசிரியர் முசத்திலாலாக பங்கஜ் கபூர். வாரம் ஓர் அலுவலகம். ஆனால், எங்கே போனாலும் எதிரே உட்கார்ந்திருப்பது அதே பாட்டியா, சுக்லா, பட்டேல், பாண்டே, உஷா. துறை மாறினாலும் இழுத்தடிப்பு மாறாது என்பதை இதைவிட அழகாகச் சொல்ல முடியாது.

இன்று திரும்பப் பார்த்தாலும் சிரிப்பு குறையவில்லை. ஆனால், முசத்திலாலிடம் அன்று இல்லாத இரண்டு கருவிகள் இப்போது நம்மிடம் உண்டு. ஒன்று, 2005இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம். மற்றொன்று, அரசுச் சேவைகளைக் குறித்த கெடுவுக்குள் வழங்கச் சொல்லும் கர்நாடகத்தின் ‘சகாலா’ சட்டம். 2012 ஏப்ரலில் மாநிலம் முழுவதும் நடைமுறைக்கு வந்தது.

கர்நாடகத்தில் இருப்பவர், இந்தச் சட்டத்தின் பட்டியலில் உள்ள சேவைக்கு விண்ணப்பித்தால் ஒப்புகை எண் பெறலாம். கெடு தாண்டினால் மேல்முறையீடு செய்யலாம். தாமதத்துக்கு நாளொன்றுக்கு 20 ரூபாய், அதிகபட்சம் 500 ரூபாய் இழப்பீடும் கோரலாம்.

விண்ணப்பம் கொடுத்ததும் ஒப்புகை எண்ணை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை!