ஆழியாறு முதல் அதிரப்பள்ளி வரை

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குச் செல்லும் மலைச்சாலை, ஆழியாறு அணையின் நீர்ப்பரப்பையும் குரங்கு அருவியையும் கடந்து, 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிறது. ஒன்பதாம் வளைவில் வண்டியை நிறுத்தி இறங்கினால், கீழே அணைநீர் தெரிவதோடு, தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாட்டையும் சில வேளை அருகிலேயே காணலாம். செங்குத்துப் பாறையிலும் அது வழுக்காமல் நிற்பதற்குக் குளம்பின் அடியிலுள்ள மெத்தை போன்ற பகுதி உதவுகிறது.

மேலே, தேயிலைத் தோட்டங்களுக்கிடையே எஞ்சிய மழைக்காட்டுத் துண்டுகளில் சோலைமந்தி வாழ்கிறது. முகத்தைச் சுற்றி வெண்சாம்பல் பிடரியும் வால்நுனியில் குஞ்சமும் கொண்டிருப்பதால் சிங்கவால் குரங்கு எனவும் வழங்கப்படும் இது, மரம்விட்டு மரம் தாவி வாழ்வது. காடு துண்டுபட்டதால் தரையிறங்கிச் சாலையைக் கடக்க நேர்ந்து வண்டிகளில் அடிபடுவதைத் தடுக்கவே, புதுத்தோட்டம் பகுதியில் மரங்களுக்கிடையே தொங்குபாலங்கள் கட்டப்பட்டுள்ளன.

சோலையாறு நீர்த்தேக்கம் ஏரிபோலத் தோன்றினாலும் மனிதர் தேக்கியதே. அதனால் அழகு குறைந்துவிடவில்லை. அதைத் தாண்டிக் கேரளத்துக்குள் இறங்கும் சாலை, சாலக்குடி ஆறு ஏறத்தாழ 80 அடி வீழும் அதிரப்பள்ளி அருவியை அடைகிறது. இவ்வழியில் செல்வோர் குரங்குகளுக்குத் தின்பண்டம் தராமல், மெதுவாக வண்டி ஓட்ட வேண்டும்.